ஹோம் பிசி

பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார் ராமுலு. ஒயரின் மறுமுனை அவர் மனைவி ராமாமணியின் கம்ப்யூட்டருக்குப் போனது.

"நாளெல்லாம் சீரியலு. நெட்டு பூராத்தையும் இதுதான் உறிஞ்சுது. இப்ப எப்படி இழுக்குதுன்னு பாக்கறேன்."

ராமாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்தே அவரோடு பேச்சில்லை.

மகள் மௌனிகா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு மேனேஜரோடு வீடியோ மீட்டிங். போன வாரம் மூன்று முறை பாதிப் பேச்சில் அவள் முகம் திரையில் அப்படியே நின்றுபோனது. இன்றும் நின்றால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. திங்கட்கிழமை சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்போதே மணி பத்தரை.

நெட் கனெக்‌ஷன்காரர் ரசாக் தன் போனை நீட்டினார். "வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணா. எந்த மிசினு இழுக்குதுன்னு பாத்துப்போடறேன்."

"குடுங்க, நானே அடிச்சுத் தாரேன்." ராமுலு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அடித்தார். "எனக்கு மறக்கவே மறக்காத வார்த்தையா வெச்சிருக்கேன். எங்க மூணு பேரத் தவிர ஆருக்கும் தெரியாது."

ரசாக் லிஸ்ட்டைப் பார்த்தார். "அக்கா கம்ப்யூட்டரைப் பிடுங்கியாச்சு. என் போனை விட்டாலும் இங்க ரெண்டு காட்டுதுங்க. ஒண்ணு பாப்பாவோடது. 'ஹோம் பிசி'ன்னு இன்னொண்ணு மொத்தத்தையும் இழுத்துட்டிருக்கு. வெளி ஆளு ஆருக்காச்சும் பாஸ்வேர்டு குடுத்தீங்களா?"

"நானா? உசுரு போனாலும் குடுக்க மாட்டேன். இவ குடுத்திருப்பா. ஆரு என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாத சென்மம்!"

"இல்லாட்டி பெரிய பிளானுக்கு மாறிக்கிறீங்களா?"

"பாக்கலாமுங்க" என்றார் ராமுலு.

யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ரசாக்கும் அதே சிங்காநல்லூர்க்காரர்தான்; அந்தப் பேச்சுக்கு 'வேண்டாம்' என்று அர்த்தம் தெரிந்தவர். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

"நைனா, மணி பத்தே முக்கால்!" மௌனிகா அழாத குறை.

"இரு கண்ணு. மோடத்தையே ஒருக்கா அணைச்சுப்போடறேன்" என்று ரசாக் சுவிட்சைத் தட்டினார்.

அரை நிமிடம் போனது. காம்பவுண்ட் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு பஷீர். லேத் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர்.

"ஏனுங்க ராமுலண்ணா, உங்க ஊட்டு நெட்டு நின்னுபோச்சுங்களே, என்னாச்சுங்க?"

ராமுலு திரும்பி ராமாமணியை முறைத்தார்.

"பழைய படமா இறக்கிட்டிருந்தேனுங்க. ஐநூறு ஆச்சு, இன்னும் நூத்தி இருபது பாக்கி."

"மாமா, அதக் கொஞ்சம் நிறுத்துங்க! பதினொரு மணி மீட்டிங்குல என் வேலையே இருக்கு" என்று கத்தினாள் மௌனிகா.

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா அம்மணி!" பஷீர் பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். ரசாக் மோடத்தை மறுபடி போட்டார்.

மீட்டிங்கில் மௌனிகாவின் முகம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். கதவோரம் காது கொடுத்துக்கொண்டிருந்த ராமுலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு கோபமும் வந்தது.

ராமாமணியைக் கூட்டிக்கொண்டு நேராகக் காம்பவுண்ட் சுவருக்குப் போனார். "பஷீர் பாய், உள்ளதச் சொல்லுங்க. பாஸ்வேர்டு இவதான குடுத்தா?"

"ஐயோ, அக்கா பாவமுங்க. போன மாசம் நான் கேட்டதும் நீங்கதானுங்களே சொன்னீங்க!"

ராமாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"அபாண்டமாப் பேசாதீங்க! நான் 'பாக்கலாமுங்க'ன்னுதான சொன்னேன்?"

"ஆமாங்க, அதையேதான் போட்டேன், தொறந்துக்கிச்சு."