தோற்ற ஒரே சாவடி

தொகுதி முழுக்க ஜெயித்துவிட்டு ஒரே ஒரு சாவடியில் தோற்றிருந்தார் பூட்டுக்கார அக்கா.

அது அவருடைய பூட்டுத் தொழிற்சாலையின் குடியிருப்புச் சாவடி. அங்கே ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் அவரிடம் வேலை செய்பவர்கள், இல்லையென்றால் அவர்கள் வீட்டார்.

வெற்றி ஊர்வலம் ஆலை வாசலில் வந்து நின்றது. தெரு கொள்ளாத கூட்டம்.

எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்றவர் அவர். இவரை அனுப்பினால் பாராளுமன்றத்தையே பூட்டிவிட்டு வந்துவிடுவார் என்று மேடைக்கு மேடை கேலி பேசிய பழைய எம்.பி., மதியமே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனாலும் அந்த ஒரு சாவடி அக்காவின் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

ஜீப்பிலிருந்து இறங்கினார். யாரையும் கூட வரவிடாமல், பூட்டுத் தகடு அழுத்தும் பிரஸ் கூடத்துக்குள் நடந்தார்.

அப்பா இறந்ததும், மூடிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன ஆலை இது. இருபத்திரண்டு வயதில் பிடிவாதமாக ஏற்று நடத்தினார். அப்போதிருந்து, தலை நரைத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

போனஸுக்காகச் சங்கத் தலைவரோடு அவர் மல்லுக்கட்டாத வருஷமே இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், கேன்டீனில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடாத வருஷமும் இல்லை.

அவரைப் பார்த்ததும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

ஊரே கேட்ட குரல்தான். இப்போது அடுத்த மேஜைக்கு எட்டுமா என்பதே சந்தேகம்.

சங்கத் தலைவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். நிர்வாகத்தின் முன்னால் அவர் வார்த்தை தேடியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒரு குறையும் இல்லக்கா. ஜெயிச்சா நீங்க எங்கள விட்டுட்டுப் போயிடுவீங்க, அப்புறம் நாங்க யார்கிட்ட போய் உரிமையா சண்டை போடுறது? அதான் எல்லாரும் கூடிப் பேசி, மாத்திப் போட்டோம்."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள இங்கயே வச்சுக்கலாம்னு பாத்தோம். ஊரு விடல."