கருங்கல் தரை

டார்னெய்ட் புறநகரில் ஒரு கட்டட மனையில் தரையைத் துளைக்கும் இயந்திரம் மூன்றாவது முறையாக நின்றுபோனது. அதைச் சுழற்றும் ஹைட்ராலிக் மோட்டாரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் கிழிந்து, கொதிக்கும் எண்ணெய் பீறிட்டு, ஓட்டுநரின் கையைச் சுட்டுவிட்டது.

"ஒழுங்கா பராமரிச்சிருந்தா இப்படி ஆகுமா? இன்னையோட உனக்கு வேலை இல்ல," என்று கத்தினார் மேலாளர் சுதர்சன்.

மெக்கானிக் குணசீலன் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து நீட்டினான். வேலை போனால் விசாவும் போய்விடும். "நான் நேரத்துக்கு ஒயில் மாத்தினனான், சேர்."

"அதை ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும்."

வந்திருந்த இன்ஜினியர் ஹரிப்பிரியா பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினாள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள். மோட்டாரின் மேல் பொறித்திருந்த மாடல் எண்ணைத் துடைத்துப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் இறுகியதைக் கண்ட குணசீலன், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தான்.

"இவர் மேல தப்பில்ல," என்றாள் அவள். "இந்த மோட்டார் களிமண்ணைத் துளைக்கத்தான் போதும். இங்க ரெண்டு மீட்டருக்குக் கீழ கருங்கல். தாங்க முடியாம சூடாகுது. எப்படிப் பராமரிச்சாலும் சீல் கிழியத்தான் செய்யும்."

"அப்போ இதைத் தேர்ந்தெடுத்தது யாரு? வெளிய அனுப்ப வேண்டியது அந்த ஆளைத்தான்! ரிப்போர்ட்ல பேரை எழுதுங்க."

ஹரிப்பிரியா எழுதினாள். காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"நான்தான் சார். மண் பரிசோதனை முடியறதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டுட்டேன்."