மேனேஜர் வீட்டு மீன் தொட்டி

"மூணரைக்குள்ள முடிஞ்சிடுமா? நாலு மணிக்கு எங்க மேனேஜர் வர்றார்."

மூன்றாவது தடவையாகக் கேட்டான். தொட்டிக்கு அடியில் இருந்த மர அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருந்த பிளம்பர் தலையை வெளியே எடுக்கவில்லை.

"மேனேஜர் வர்றது தண்ணிக்குத் தெரியாதே. அவசரப்பட்டா ஒழுகும்."

நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. வழிகிற தண்ணீரை வடிகட்டி மோட்டாரால் மேலே அனுப்ப, அடியில் அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. ஆறு வருஷம் மேனேஜர் வீட்டில் இருந்தது. வீடு மாறும்போது, "நீ எடுத்துக்கய்யா, என்னால இதோட மல்லுக்கட்ட முடியல" என்று இவன் தலையில் கட்டிவிட்டார். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிற நேரம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்று வேறு சொல்லி வைத்தார்.

நாமே மாட்டிவிடலாம் என்று இறங்கினான். முதல் நாளே மின்சாரம் போனது. தொட்டித் தண்ணீர் முக்கால்வாசி கூடத்துக்கு வந்துவிட்டது. சோபாவின் கால்கள் இன்னும் காயவில்லை. அதற்கப்புறம்தான் அவன் மனைவி போன் செய்து பிளம்பரை வரவழைத்தாள்.

"வேலை முடிஞ்சதும் பின்பக்கமா போயிடுங்க. முன்னாடி எல்லாம் துடைச்சு வெச்சிருக்கு."

"சரி" என்றார் பிளம்பர். அவ்வளவுதான்.

சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது. காலையிலிருந்தே மனைவி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் குனிந்து டார்ச்சைப் பிடித்தான். பழைய குழாய்களை எல்லாம் அவர் கழற்றிப் போட்டிருந்தார். புதுக் குழாயை அறுத்து, வெட்டு வாயைத் தேய்த்து, பசை தடவிச் செருகி, கால் திருப்பு திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. முப்பது வரை எண்ணிய பிறகுதான் கையை எடுத்தார். ஒவ்வொரு இணைப்புக்கும் அதே முப்பது. ஒன்றுகூடக் கோணவில்லை.

"மேல போற குழாய்ல எதுக்கு ஓட்டை போடறீங்க?"

"கரண்ட் போனா இந்தக் குழாய் தண்ணிய திருப்பி உறிஞ்சும். தண்ணி மட்டம் ஒரு விரல் இறங்கினதும் இந்த ஓட்டை காத்து வாங்கிக்கும். உறிஞ்சறது நின்னுடும். அன்னிக்கு உங்க வீடு குளமானது இந்த ஓட்டை இல்லாமதான்."

அவன் நாலு வீடியோ பார்த்தும் புரியாதது, ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

வாசல் மணி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே கால். மேனேஜர் அரை மணிக்கு மேல் முன்னதாகவே வந்துவிட்டார்.

"என்னய்யா, இன்னும் முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சோபாவில் உட்கார்ந்தார். "என் தொட்டி உன்னையும் படுத்துதா? எத்தனை ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருப்பேன் தெரியுமா? ஒருத்தனுக்கும் அடங்கல. ராத்திரி பகல் கொடகொடன்னு சத்தம். என் பொண்டாட்டி அதுக்காகவே அடுத்த ரூம்ல படுத்தா."

பிளம்பர் அலமாரியிலிருந்து வெளியே வந்தார். முட்டியில் கை ஊன்றி எழுந்தார். சட்டை முழுக்க குழாய்த் தூள்.

"சார், டெஸ்ட் பண்ணிடலாமா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

அந்த 'சார்' அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அதுவரை அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"பண்ணிடுங்க" என்றான்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் ஏறியது, வழிந்தது, கீழே இறங்கியது. மேனேஜர் காதைத் தீட்டினார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஓடுதா?"

"ஓடுது சார். இறங்கற குழாய்ல காத்து மாட்டிக்கிட்டுதான் கொடகொடன்னுச்சு. மேல மூணு வாய் வெச்ச 'டீ' இணைப்பு ஒண்ணு போட்டு அது வெளியேற வழி விட்டிருக்கேன்."

"சரி, கரண்ட் போனா?"

பிளம்பர் போய் சுவிட்சை அணைத்தார். மேனேஜர் பழைய ஞாபகத்தில் இரண்டு காலையும் சோபாமேல் தூக்கிக்கொண்டார். அடித்தொட்டியில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. விளிம்புக்கு நாலு விரல், மூன்று விரல், இரண்டு விரல். நின்றது. பிளம்பர் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிக் காட்டினார். ஈரமே இல்லை.

மேனேஜர் காலைக் கீழே விட்டார். எழுந்துபோய் குழாய்களைத் தடவிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா நான் தேடின ஆளு இவர்தான்யா. கைவேலைன்னா இது."

அவனுக்கு நெஞ்சு விம்மியது. தானே செய்ததைப் போல, அதைவிடவும் அதிகமாக.

அதற்குள் பிளம்பர் கருவிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, சொன்னபடி பின்வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அவன் நாலே எட்டில் போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டான். அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து மேனேஜருக்குப் பக்கத்தில், தூள் படிந்த சட்டையோடு, சோபாவில் உட்கார வைத்தான்.

மேனேஜர் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கய்யா பிடிச்சே இவரை?"

"பொண்ணு கேக்கப் போன வீட்டுல, சார்" என்றான் அவன். "என் மாமனார்."