காலி டப்பா

ஆஸ்பத்திரி அறையின் ஜன்னல் வெயில் மகளின் முதுகில் விழுந்திருக்கிறது. அப்பா உள்ளங்கையைக் குவித்து அந்த முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பிறவியிலிருந்தே அவளுக்கு நுரையீரல் சளி பிசினாய்க் கெட்டிப்படும். அதில் கிருமிகள் குடியேறிவிடும். தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். வந்த சளியின் நிறத்தைப் பார்த்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று அப்பா சொல்லிவிடுவார். புது மாத்திரை ஆரம்பித்த பிறகு எதுவுமே வருவதில்லை. பரிசோதனைக்கு வைத்த டப்பா மேசையில் காலியாகப் பளபளக்கிறது. "கிருமி போயிடுச்சாம்மா?" என்று நர்ஸைக் கேட்கிறார். நர்ஸ் கையுறையை உருவியபடி, "போயிருக்கலாம், உள்ளயே பதுங்கியும் இருக்கலாம். சளி வந்தாதானே சார் தெரியும்" என்கிறாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷமாய்த் தொலைந்து போ என்று திட்டிய சனியனை இப்போது வா, வா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இன்னும் பலமாகத் தட்டுகிறார். "அப்பா, வீட்ல யாரும் இல்ல போல. எவ்வளவு நேரம்தான் கதவத் தட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு, மகள் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். அவள் சிரிப்பு என்றைக்கும் இருமலில்தான் போய் முடியும். பழக்கதோஷத்தில் அவர் பாய்ந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, அவள் மோவாய்க்குக் கீழே நீட்டுகிறார். சிரிப்பு சிரிப்பாகவே முடிகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்க்கிறாள். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அவர் நிற்கிறார்.