சிவப்புச் சீட்டு

கட்டட வேலை நடக்கும் இடத்தை ஒட்டிய கிடங்கின் வாசலில், உச்சி வெயிலில், மேஸ்திரி கிடங்குக் காவலாளியின் காலரைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். காரை உதிர்கிறது. வேலிக்கு அப்பால் கிரேன் அசையாமல் நிற்கிறது. இரும்பு உத்தரம் இறங்கிக் கால் நசுங்கிய மேஸ்திரியின் தம்பியை நான்கு பேர் பலகையில் தூக்கிப்போகிறார்கள். "லாரிக்காரனுக்கு 'இறக்கு, இறக்கு'ன்னு வாக்கி டாக்கியில கத்துனியே, அது ஒரே அலைவரிசைல எங்க கிரேன்காரன் காதுலயும் விழுந்துச்சுடா! நான்தான் சொல்றேன்னு நெனச்சு அவன் உத்தரத்த இறக்கிட்டான்!" முகத்தில் ஒரு குத்து. காவலாளியின் மூக்கிலிருந்து வழியும் ரத்தம் இடுப்பில் தொங்கும் மலிவு வாக்கி டாக்கியின் மேல் சொட்டுகிறது. மேஸ்திரி அதைப் பிடுங்கித் திருப்புகிறான். பின்பக்கம் ஒரு சிவப்புச் சீட்டு: 'உரிமம் இல்லாதவர் கேட்கலாம், பேசக் கூடாது.' "படிக்கத் தெரியாதாடா உனக்கு?" இன்னொரு குத்து. காவலாளி உடைந்த பல்லைத் துப்புகிறான். "உங்க இடுப்புல தொங்கற வாக்கி டாக்கியையும் திருப்பிப் பாருங்கண்ணே." கிரேன்காரனோடு பேசப் போன வாரம் மேஸ்திரியே பேரம் பேசி வாங்கியது அது. எடுத்துத் திருப்புகிறான். அதே சிவப்புச் சீட்டு, இன்னும் உரிக்காத கண்ணாடித்தாளுக்கு அடியில் பளபளக்கிறது. வேலிக்கு அப்பால் ஆம்புலன்ஸின் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. மேஸ்திரி தன் வாக்கி டாக்கியை ஓங்கிக் காவலாளியின் முகத்தில் அடிக்கிறான். எழுத்துகள் ரத்தத்தில் மறைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறான்.