அழுகை நீக்கிய படம்

நீதிமன்றத்தில் காட்டும் எந்தப் படத்திலிருந்தும் உணர்ச்சியை முதலில் அங்குள்ள இயந்திரத்தில் போட்டு நீக்கிவிட வேண்டும். அதற்குப் பெயர் நடுநிலையாம்.

ஆவணப்படங்களும் எடுக்கும் வழக்கறிஞர் ஜெசிந்தா, தன் கட்சிக்காரர் பேச்சித்தாயைப் படம்பிடித்திருந்தாள். ஆலையின் அமிலத் தொட்டியில் மகனைப் பறிகொடுத்தவள், மண்ணில் புரண்டு கதறிய படம் அது. நீக்கிய பின் திரையில் அவள் வானிலை அறிக்கை வாசிப்பவளைப் போலப் பேசினாள்.

"தாய்க்கே பெரிய பாதிப்பு இருக்கிற மாதிரி தெரியலையே" என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார் நீதிபதி.

"அவங்க அழுததை அழிச்சது உங்க மிஷின்!" ஜெசிந்தா மேசையில் அறைந்தாள்.

"உணர்ச்சிவசப்படாதீங்க, மேடம்" என்றார் நீதிபதி.

பின்வரிசையில் பேச்சித்தாய் எழுந்து நின்றாள். "எங்கண்ணீர எடுத்து எங்கய்யா வச்சிருக்கீக? திருப்பிக் குடுங்க. எம்மவனுக்கு நான் இன்னும் அழுது முடிக்கல!"