நடை வேகம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் அந்த ஒல்லிப் படகுகள், நாயோடு நடக்கிறவர்களைவிட மெதுவாகத்தான் போகும். அதனால் கரையில் இறங்கிய மனைவி சாருமதி படகை முந்தி நடந்தபோது ஞானசேகரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடும் நீர்க்கதவைத் திறந்து படகை வெளியே விட்டவள், முறைப்படி அதைச் சாத்திவிட்டு, மதகைத் திறக்கும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். தோளில் கைப்பை.

"ஏறுமப்பா, குளிருது," என்றார் சுக்கானைப் பிடித்தபடி.

"நீங்கள் வாங்கோ. அடுத்த கதவைத் திறந்து வைக்கிறன்."

பழுத்த இலைகள் இருவருக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தன. அவள் அவசரப்படவே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் எதையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை. கதவு திறக்கப் போகிறவளுக்குக் கைப்பை எதற்கென்று தோன்றியதும் அவர் வேகத்தைக் கூட்டினார். கரையில் கட்டியிருந்த படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் தலையை நீட்டிக் கையமர்த்தினார். கட்டிய படகுகளைத் தாண்டும்போது ஊர்ந்துதான் போகவேண்டும், அங்கே அதுதான் மரியாதை. அவர் வேகத்தைக் குறைத்தார். அவள் வளைவில் மறைந்தாள்.

அடுத்த நீர்க்கதவு சொன்னபடியே அகலத் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தார். கிணறு மாதிரி இருபுறமும் பாசிச் சுவர். பின்கதவை யாராவது மேலே நின்று சாத்தினால்தான் தண்ணீர் ஏறும், படகும் ஏறும். சுவர் விளிம்பில் இரும்புக் கைப்பிடி, அவர் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டிருந்தது.

"கதவைச் சாத்துமப்பா," என்றார் மேலே பார்த்து.

விளிம்பில் யாரும் தெரியவில்லை, கதவும் அசையவில்லை. இரைச்சலில் கேட்டிருக்காது என்று என்ஜினை நிறுத்திவிட்டு, மறுபடியும் சொன்னார்.